கோட்டில் பட்டால்

வைகை எங்கள் ஊருக்கு வருவது
பெரும்பாலும் பேச்சில்தான்.
மதுரையில் படித்துறை முங்கியதாம்,
மானாமதுரையில் பாலத்தைத் தொட்டதாம்.
அழகன்குளத்தில் நாங்கள் பார்ப்பது மணல்.
மணலில் இரண்டு சவுக்குக் கம்பு,
நடுவே வாப்பா கட்டிய வலை.
வாளைமீன் பிய்த்துப்போட்ட நைலான்,
மேல்விளிம்புக்கு உம்மாவின் பழைய துப்பட்டியில் கிழித்த பட்டை.

ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்து
தூங்காமல் வந்து டேப் பிடிப்பார்.
பதினெட்டு, ஒன்பது.
ஒரு விரற்கடை கூடினாலும் அழித்துவிட்டு மறுபடி.
கம்பெனியில் மிஞ்சிய உப்புதான் கோடு.
விடிவதற்குள் ஆடுகள் வந்து
பாதி மைதானத்தை நக்கிவிட்டுப் போயிருக்கும்.
திட்டமாட்டார்.
அடுத்த சாக்கை அவிழ்ப்பார்.

அவர் கை எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.
காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றிக்குத் தெரியும் அந்தக் கை,
சர்வீஸ் போட முழங்கையை நிமிர்த்திவிட்டபோது
தோளுக்கும் தெரியும்.
பொட்டப்பிள்ளையை மணலில் ஆடவிடலாமா என்று
ஜமாஅத்தில் ஒருவர் கேட்டதற்கு
"அது அடிக்குது, நான் பொறுக்குறேன்" என்றாராம்.
அதற்குமேல் அவரும் பேசவில்லை,
கேட்டவரும்.

விசில் அவர் வாயில் இருந்தால் மட்டும் நான் மகள் இல்லை.
பனைக்குளத்துப் பிள்ளைகளோடு கடைசி செட்,
கடைசிப் புள்ளி,
எதிராளி அடித்தது உப்பின் ஓரத்தை உரசியது.
நான் வெளியே என்றேன், ஊரே வெளியே என்றது.
வாப்பா குனிந்து பார்த்தார்.
"கோட்டுல பட்டா உள்ள."
மூன்று நாள் அவரோடு பேசவில்லை நான்.
மூன்று நாளும் என் சட்டைக்கு அவர்தான் இஸ்திரி போட்டார்.

மழைக்காலம் வந்தால்
பார்த்திபனூர் மதகில் இருக்கும் குருந்தையாவுக்கு போன்.
ஸ்கோர் கேட்கிற குரலில் கேட்பார்,
"எதுவரைக்கும்?"
பெரிய கண்மாய் குடித்து மிச்சம் வைத்தால்தான் எங்களுக்கு.
அநேக வருஷம் வைக்காது.
வைத்த வருஷங்களில்
கம்பைப் பிடுங்கித் தோளில் போட்டு,
வலையைச் சுருட்டி,
கரையேறி உட்கார்ந்துகொள்வார்.
ஆட்டம் போச்சே மாமா என்று பையன்கள் முனகினால்,
"வெளியூர் டீம் வந்திருக்குடா, இடம் விடுங்க."
நுரையும் சருகும் ஒரு ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு
செங்காவி நிறத்தில் அது வரும்.
எழுந்து நின்று கை தட்டுவார்.
எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆடிக் காற்று வீசிய ஒரு விடிகாலையில்
ஐஸ் பார்களுக்கு நடுவே உட்கார்ந்தபடி போனார்.
வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கையைத்தான் பிடித்தேன்.
குளிர்ந்திருந்தது.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒரு பக்கம் போனார்கள்.
நான் கொல்லைவழியாக ஆற்றுக்குப் போனேன்.
ஆடுகள் நின்றிருந்தன.

கார்த்திகையில் அவர் போன் அடித்தது.
உம்மா சார்ஜ் போட்டே வைத்திருக்கிறாள், ஏனென்று கேட்டதில்லை.
"பாய், குருந்தையா பேசுறேன். கண்மாய் நிறைஞ்சிருச்சு,
இந்தத் தடவை உங்களுக்குத்தான்."
சொல்லியிருக்கலாம்.
"வாப்பா வலையைக் கழட்டப் போயிருக்காங்க" என்றேன்.
"அதான பார்த்தேன்" என்று சிரித்தார்.

சொன்னதற்காகவே போனேன்.
வலை வந்தது, ஒரு கம்பு வந்தது.
மற்றதை அவர் எவ்வளவு ஆழத்தில் ஊன்றினாரோ,
அசையவே இல்லை.
நகம் பெயர்ந்ததும் விட்டுவிட்டேன்.

அன்று மாலை
மூட்டை உப்பைக் கொட்டி
பின்கோட்டை மட்டும் ஒருமுறை இழுத்தேன்.
டேப் இல்லை, கோணல்தான்.
கரையில் உட்கார்ந்தேன்.
இருட்டுகிற நேரத்தில்
முதல் தண்ணீர், விரல் அகலத்துக்கு,
மணலை முகர்ந்துகொண்டே வந்து
உப்பில் பட்டு நின்றது.

உள்ளே, வாப்பா.